மேட்டுநிலத்தின் கதை – 7: வடகரைக்குத் தண்ணீர், மேற்கே கைரேகை

சென்ற இதழைத் தாது வருடப் பஞ்சத்தோடு நிறுத்தியிருந்தோம். 1876 முதல் 1878 வரை மதுரைச் சீமையைக் காயப்போட்ட அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான், நெடுங்காலம் கோப்பிலேயே கிடந்த பெரியாறு திட்டத்துக்கு உயிர் வந்தது. மலைக்கு மேற்கே பெய்து அரபிக்கடலில் விழும் தண்ணீரை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்புவது என்பது திட்டம். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே வேலை தொடங்கியது. கர்னல் பென்னிகுயிக் கட்டிமுடித்த அணையை 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார்.

பென்னிகுயிக்கின் படத்தைச் சாமி படத்தோடு சேர்த்து மாட்டியிருக்கும் வீடுகள் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் உண்டு. தைப் பொங்கலை ஒட்டி வரும் அவர் பிறந்தநாளுக்குப் பானை வைத்துப் பொங்குகிறார்கள். அந்த நன்றியில் பழுது எதுவும் இல்லை. மலைக்காய்ச்சலிலும் வெள்ளத்திலும் கூலியாட்கள் கொத்துக்கொத்தாகச் செத்தும் நின்றுபோகாமல் நடந்த வேலை அது. ஆனால் அந்தத் தண்ணீர் எந்தெந்த ஊருக்குப் போனது, எந்தெந்த ஊரைப் பார்க்காமலே போனது என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால், நம் தொடரின் நடுப்பகுதிக்கு வந்துவிடுவோம்.

சுரங்கவழியாக மலையிறங்கும் பெரியாற்றுத் தண்ணீர் சுருளியாற்றோடு கலந்து வைகையில் சேர்கிறது. பேரணை என்ற இடத்தில் அதைத் தடுத்து, இடது கரையில் பெரியாறு பிரதானக் கால்வாய்க்குள் திருப்புகிறார்கள். கால்வாய் வாடிப்பட்டிப் பக்கமாக வந்து மதுரைக்கு வடக்கே வளைந்து மேலூருக்குப் போகிறது. ஆற்றுக்குத் தெற்கே, நாகமலைக்கு மேற்கே இருக்கிறது உசிலம்பட்டி. மதுரையிலிருந்து தேனி சாலையில் 40 கிலோமீட்டருக்குள்தான் தூரம். இந்தச் சீமையின் பெரும்பகுதி கால்வாய் மட்டத்துக்கு மேலே கிடக்கும் மேட்டுக்காடு. சோளம், கம்பு, வரகு, பருத்தி, கடலை என்று மழையை நம்பிய வெள்ளாமை. ஊருக்கு ஊர் கண்மாய் உண்டு. கண்மாய்க்கு வானம்தான் வரத்து.

மேட்டில் தண்ணீர் ஏறாது என்பது பொறியாளரின் குற்றமாகாது. பென்னிகுயிக் காலத்தில் மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோவது நினைத்துப் பார்க்க முடியாத செலவு. அதை ஒப்புக்கொண்டே மேலே போவோம். என் கேள்வி வேறு. தண்ணீர் கொடுக்க முடியாத ஊருக்கு அரசாங்கம் வேறு எதைக் கொடுத்தது? கண்மாய்களைத் தூர்வாரியதா, கிணறு வெட்டக் கடன் கொடுத்ததா, தீர்வையைக் குறைத்ததா? உசிலம்பட்டிச் சீமைக்கு அது கொடுத்தது ஒரு சட்டம். அணை திறந்த 20 ஆண்டுகளுக்குள் அந்தச் சட்டம் நாகமலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

சட்டத்துக்கு முன்னால் மேலூரைப் பற்றி ஒரு வார்த்தை. பதினெட்டாம் நூற்றாண்டில் கும்பினிப் படைக்குச் சிம்ம சொப்பனமாக இருந்தவர்கள் மேலூர்ப் பக்கத்துக் கள்ளர்கள். 1755-இல் கர்னல் ஹெரான் கோவில்குடியில் சாமி சிலைகளைக் கொள்ளையடித்துக்கொண்டு போனபோது, நத்தம் கணவாயில் மறித்து அவற்றை மீட்டவர்கள் அவர்கள். 1767-இல் கேப்டன் ரம்லி மேலூர்ச் சீமைக்குள் புகுந்து ஊர்களைக் கொளுத்தி ஆயிரக்கணக்கில் மனிதர்களைக் கொன்றதும் அவர்களை அடக்கத்தான். கும்பினி எழுதிவைத்த பழைய குறிப்புகளில் 'கள்ளர் பயம்' என்றாலே பெரும்பாலும் மேலூர்தான் வரும்.

அந்த மேலூருக்குப் பெரியாற்றுத் தண்ணீர் போனது. காடு வயலானது. நெல் விளைந்தது. நிலத்துக்கு விலை வந்தது, நிலத்தின் மேல் கடன் கிடைத்தது, சம்சாரி என்ற பேர் வந்தது. தண்ணீர் வந்தபின் மேலூர்க் கள்ளர் உழவில் நிலைத்துவிட்டார்கள் என்பதை வெள்ளைக்கார அதிகாரிகளே ஒத்துக்கொண்டார்கள். அதாவது, எது மனிதனை மாற்றுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்திருந்தும் நாகமலைக்கு மேற்கே இருந்த அதே பேர்கொண்ட உறவின்முறையைப் 'பிறவிக் குற்றவாளிகள்' என்று காகிதத்தில் எழுதினார்கள். நான் படித்த ஆவணங்களில் என்னை மிகவும் கோபப்படுத்தும் இடம் இதுதான்.

நாகமலைக்கு மேற்கே வாழ்ந்தவர்கள் பிறமலைக் கள்ளர். திடியன், வாலாந்தூர், புத்தூர், கருமாத்தூர், பாப்பாபட்டி, கொக்குளம், வேப்பனூத்து, தும்மக்குண்டு என எட்டு நாடு, 24 உபகிராமம். விளைச்சல் போதாத பூமியில் அவர்களுக்கு இன்னொரு வருமானம் காவல். ஒரு ஊரின் களத்தையும் மாட்டையும் காப்பதற்குக் காவல்கூலி. திருடுபோன மாட்டைத் துப்பறிந்து கொண்டுவந்து கொடுத்தால் துப்புக்கூலி. நாயக்கர் காலத்திலிருந்து வந்த ஏற்பாடு இது. காவல் கொடுக்காத ஊரில் களவு நடக்கும் என்பதும் உண்மை. அதை மறைத்து இந்த வரலாற்றை எழுத முடியாது. 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கம் குடியானவர்கள் ஒன்றுகூடிப் 'பண்டு' சேர்த்து, எங்களுக்குக் கள்ளர் காவல் வேண்டாம் என்று கிளம்பினார்கள். வீடுகள் எரிந்தன. காவல் குடும்பங்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டன. காவல்கூலி கொடுத்தே நொந்தவர்களின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது.

ஆனால் அந்த வருமானம் நின்றபோது அதற்கு ஈடாக என்ன வந்தது? 1859-இலேயே சென்னை மாகாணத்தில் புதிய போலீஸ் சட்டம் வந்து பழைய காவலை அரசு ஏற்காத ஒன்றாக ஆக்கிவிட்டது. பண்டு கலகம் மிச்சமிருந்ததையும் பறித்தது. கால்வாயும் வரவில்லை. 1890-களில் பிறமலை நாட்டில் ஒரு இளவட்டத்துக்கு முன்னால் இருந்த வழிகளை எண்ணிப் பாருங்கள். மானாவாரிப் புஞ்சை, மதுரைக்குப் போய்க் கூலி, கம்பம் பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்தல், இல்லையென்றால் களவு. இதில் கடைசி வழியை மட்டும் பார்த்துவிட்டு மொத்தச் சாதிக்கும் ஒரு சட்டம் போட்டது அரசாங்கம்.

குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் 1871-இல் வட இந்தியாவுக்காக எழுதப்பட்டது. 1911-இல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். 1914-இல் சமணர் மலை அடியில் உள்ள கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மேல் அது பாய்ந்தது. பிறகு ஊர் ஊராக நகர்ந்து, 1918 வாக்கில் பிறமலைக் கள்ளர் முழுவதையும் வளைத்துவிட்டது. ஊர்மக்கள் வாயில் அதற்குப் பேர் ரேகைச் சட்டம்.

ரேகை வைப்பது எப்படி நடந்தது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஊர்ச் சாவடியில் மேசை போடுவார்கள். தகட்டில் கறுப்பு மையை ஊற்றி உருளையால் தேய்த்துப் பரப்புவார்கள். முறை வந்தவனின் மணிக்கட்டைப் போலீஸ்காரர் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தகட்டில் உருட்டிக் காகிதத்தில் உருட்டுவார். பத்து விரலும் முடிந்தால் அவன் பதிவு பெற்ற குற்றப் பரம்பரைக்காரன். அவன் எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை. கோர்ட்டில் ஒருநாளும் நின்றிருக்க வேண்டியதில்லை. அவன் தகப்பன் சாதி போதும். அறிவிப்பு சரியா தப்பா என்று கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள்.

பதிவான பிறகு இரண்டு விதமான கட்டுப்பாடு. ஒன்று, குறித்த நேரத்தில் போலீஸ் முன் ஆஜராவது. நடைமுறையில் இது ராத்திரியில் சாவடியிலோ ஸ்டேஷனிலோ போய்ப் படுப்பதாக ஆனது. இன்னொன்று, ஊரைவிட்டு வெளியே போனால் ராதாரிச் சீட்டு வாங்குவது. யார், எந்த ஊருக்கு, என்ன காரியமாக, எப்போது திரும்புவான் என்று எழுதிய சீட்டு. பெண் கொடுத்த ஊரில் துட்டி விழுந்தாலும், சந்தையில் மாடு பிடிக்கப் போனாலும் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் பிடிபட்டால் அதுவே குற்றம். களவுக்குத் தண்டனை வாங்காதவன், தன் அக்காள் வீட்டுக்குப் போனதற்குத் தண்டனை வாங்கினான்.

இந்தப் பாரம் எல்லோர் தலையிலும் ஒன்றுபோல விழவில்லை. நிலமும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு விலக்கு வாங்க வழி இருந்தது. சீட்டு எழுதிக்கொடுக்கும் இடத்தில் இருந்தவர்களுக்கு அதிகாரம் கூடியது. கையில் ஒன்றும் இல்லாதவனே தினமும் சாவடிக்கு நடந்தான். பதிவேட்டில் ஆண்களின் ரேகைதான் இருந்தது. ஆனால் ஆண் சாவடியில் படுத்த ராத்திரியில் களத்தைக் காத்தது யார், கிடையில் ஆடு கத்தினால் எழுந்து போனது யார், நிறைமாதத்தில் வலி கண்டால் துணைக்கு யாரைக் கூப்பிடுவது? பதிவேட்டில் பேர் இல்லாத பெண்கள் அந்தச் சட்டத்தை முழுக்கச் சுமந்தார்கள். "எங்க அப்பத்தா வாக்கப்பட்டு வந்த அன்னைக்கி ராத்திரியே தாத்தா சாவடிக்குப் போயிட்டாராம்" என்ற பேச்சைச் செல்லம்பட்டி, சேடபட்டிப் பக்கம் பல வீடுகளில் கேட்கலாம். பஞ்சத்துக்குத் தப்பிக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனவர்களையும் சட்டம் விடவில்லை. அங்கே நன்செய்க்கு நடுவில் குடியேறினாலும், பக்கத்து வீட்டுக்காரனுக்கு இல்லாத ராதாரி இவர்களுக்கு இருந்தது.

விரல் ரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் முறையே இந்தியாவில், வங்காளத்துப் போலீஸ் கையில்தான் வளர்ந்தது. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு அமைந்தது. அதன் பிறகுதான், 1901-இல், லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் தொடங்கினார்கள். அந்த முறை தென்னாப்பிரிக்காவுக்கும் போனது. 1907-இல் டிரான்ஸ்வாலில் ஆசியாக்காரர்கள் எல்லோரும் ரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபோது, காந்தியோடு சேர்ந்து அதை எதிர்த்துச் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் முன்னணியில் நின்றார்கள். தம்பி நாயுடு அவர்களுக்குத் தளகர்த்தர். ரேகை வைக்க மாட்டோம் என்ற அந்த மறுப்பை இந்தியாவே கொண்டாடியது. அதற்குப் பதின்மூன்று ஆண்டு கழித்து, அதே மறுப்பை உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர் சொன்னது.

பெருங்காமநல்லூர். அன்று திருமங்கலம் தாலுகா. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி விடிகிற நேரம். ரேகை எடுக்கப் போலீஸ் படை வந்து நின்றது. நாங்கள் உழுது பிழைக்கிறவர்கள், எங்கள் மேல் வழக்கு ஏதாவது உண்டா, எதற்காக ரேகை என்று ஊர் கேட்டது. பேச்சு முற்றியது. கல்லும் கம்பும் ஒரு பக்கம், துப்பாக்கி மறுபக்கம். சுட்டார்கள். ஊர் கணக்கில் 16 பேர் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி. குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று ஊர் சொல்கிறது. பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள் என்றும் சொல்கிறது.

ஜாலியன்வாலாபாக் நடந்து அப்போது ஒரு வருடம்கூட முடியவில்லை. அமிர்தசரஸ் படுகொலையை விசாரிக்க ஹண்டர் குழு அமைந்தது, காங்கிரஸ் தனியாக ஒரு விசாரணை நடத்தியது, தேசமே அழுதது. பெருங்காமநல்லூரின் பேர் மதுரை ஜில்லாவைத் தாண்டவே வெகுகாலம் பிடித்தது. நகரத்துப் படித்தவர்களுக்கு இந்த மக்கள் மேல் இருந்த பயம் அதற்கு ஒரு காரணம். ரேகைச் சட்டம் தங்கள் வீட்டுக் கதவைக் காக்கிறது என்று எண்ணியவர்களால் அதற்குப் பலியானவர்களுக்காக அழ முடியவில்லை. இன்றைக்கு ஊரில் நினைவுத்தூண் நிற்கிறது. ஏப்ரல் 3 வந்தால் கூட்டம் கூடுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அமிர்தசரஸ் தெரியும், எத்தனை பேருக்குப் பெருங்காமநல்லூர் தெரியும் என்று ஆசிரியர்கள் வகுப்பில் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

நகரத்தில் இருந்து இவர்களுக்காக வந்த சிலரில் முதலில் சொல்ல வேண்டியவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வழக்கறிஞராக இருந்தவர். பிறமலைக் கள்ளருக்காக வழக்காடினார், எழுதினார். மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்றார்கள். 1938-இல் அவர் மதுரையில் காலமானபோது சட்டம் இன்னும் உயிரோடுதான் இருந்தது. பின்னால் முத்துராமலிங்கத் தேவர், ஜீவா, பி. ராமமூர்த்தி என்று வெவ்வேறு கட்சிக்காரர்கள் அதற்கெதிராகக் குரல் கொடுத்தார்கள். 1947-இல், சுப்பராயன் உள்துறை அமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணம் சட்டத்தை ரத்து செய்தது. இந்தியா முழுவதும் அது ஒழிய 1952 ஆகஸ்ட் 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே நாட்டில், சுதந்திரம் வந்த பிறகும் ஐந்து ஆண்டுகள், ஒரு மாகாணத்தில் விடுபட்டவனின் சகோதரன் இன்னொரு மாகாணத்தில் பதிவேட்டில் இருந்தான்.

சட்டம் இருந்த காலத்திலேயே அதன் இன்னொரு கையாகக் கள்ளர் சீரமைப்புத் திட்டம் வந்ததையும் இங்கே குறித்துக்கொள்வோம். பள்ளிக்கூடம், விடுதி, கூட்டுறவுச் சங்கம், கிணறு, நிலம். ஊர்மக்களிடம் திரட்டிய கள்ளர் பொது நிதியும் அதில் சேர்ந்தது. இன்று மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் முன்னூறுக்கு நெருக்கமான கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பள்ளிகளால் ஆளானவர்கள் பல ஆயிரம். அவற்றின் கதைக்கு அடுத்த இதழை முழுதாக ஒதுக்கியிருக்கிறேன். அதனால் இங்கே தாண்டிப் போகிறேன்.

ரத்துக்குப் பிறகு வந்த பட்டியல்களிலும் அதே மேடுபள்ளம் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் சீர்மரபினர் என்று 68 சமூகங்களை வகைப்படுத்தியிருக்கிறார்கள். அதில் பல பேர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மாவட்டப் பேர் இருக்கும். ஒரே சாதி, ஒரே குலதெய்வம், கொண்டு கொடுத்த உறவு. மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தால் சீர்மரபினர், அந்தப் பக்கம் இருந்தால் வேறு பட்டியல். ஆங்கிலேயன் எந்த ஜில்லாவில் அறிவிப்பு வெளியிட்டானோ அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே சுதந்திர அரசும் பட்டியல் போட்டதன் விளைவு இது. 1979-இல் ஓர் அரசாணை அவர்களை 'பழங்குடிகள்' என்பதிலிருந்து 'சமூகங்கள்' என்று மாற்றியது. மத்திய அரசின் சலுகைகளில் அந்த மாற்றம் எவ்வளவு தூரம் அடித்தது என்பது சான்றிதழோடு டெல்லி வரை போய்த் திரும்பிய பிள்ளைகளுக்குத்தான் தெரியும். 40 ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு, 2019-இல், மத்திய அரசுத் தேவைக்கு ஒரு பேர், மாநிலத் தேவைக்கு ஒரு பேர் என்று இரட்டை ஏற்பாடு வந்தது.

இந்த இடத்தில் பாப்பாபட்டியைப் பற்றி எழுதாமல் போனால் இந்தத் தொடர் நேர்மையாக இருக்காது. எட்டு நாட்டில் ஒன்று அது. உசிலம்பட்டியைச் சட்டமன்றத்தில் நெடுங்காலம் பிரதிநிதித்துவம் செய்த, இந்தச் சீமைக்குக் கல்லூரி வர உழைத்த மூக்கையாத் தேவர் பிறந்த ஊர். 1996-இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டு அங்கே முறையான ஊராட்சித் தலைவர் இல்லை. வேட்புமனுத் தாக்கல் செய்ய ஆளில்லை. மீறி ஜெயித்தவர்கள் உடனே ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான ஊராட்சிகளில் நடைமுறைக்கு வந்த அதே இடஒதுக்கீடு, இங்கே அரசிதழில் அச்சான காகிதமாகவே கிடந்தது. 2006 அக்டோபரில், மாவட்ட ஆட்சியராக உதயச்சந்திரன் இருந்தபோது, ஊர்ப் பெரியவர்களோடு மாதக்கணக்கில் பேசித் தேர்தல் நடந்தது; ஜெயித்தவர்கள் பதவியில் நீடித்தார்கள்.

சாதியின் பேரால் சாவடியில் படுக்கவைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், சாதியின் பேரால் இன்னொருவரை நாற்காலியில் உட்காரவிடாமல் தடுத்தார்கள். பட்ட காயம் தானாக யாருக்கும் நியாயம் கற்றுக்கொடுத்துவிடாது என்பதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். அந்தப் பத்து ஆண்டில் தெருவிளக்கும் குடிநீரும் கிடைக்காமல் முதலில் தவித்தது பட்டியல் சாதித் தெருக்கள்தான். ரேகைச் சட்டக் காலத்திலும் அவர்கள் இந்த ஊர்களிலேயே இருந்தார்கள். அதே வறண்ட கண்மாய், அதே பஞ்சம். சீரமைப்புத் திட்டம் என்று அவர்கள் பேரில் எதுவும் இந்தச் சீமைக்கு வரவில்லை.

திரும்பத் தண்ணீருக்கு வருவோம். 1959 ஜனவரியில் காமராஜர் வைகை அணையைத் திறந்தார். பேரணையிலிருந்து வலது பக்கம் திருமங்கலம் பிரதானக் கால்வாய் பிரிந்து விக்கிரமங்கலம், செல்லம்பட்டி வழியாகத் தெற்கே வருகிறது. உசிலம்பட்டிச் சீமையின் கிழக்கு ஓரத்துக்கு முதல்முறையாக ஒரு கால்வாய் வந்தது. ஆயக்கட்டைப் பாருங்கள். பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம் 45,041 ஏக்கர். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம் 85,563 ஏக்கர். திருமங்கலம் கால்வாய்க்கு ஒருபோகம் 19,439 ஏக்கர். ஒரே கால்வாய்க்குள்ளும் தலைமடைக்காரனுக்கு இரண்டு வெள்ளாமை, கடைமடைக்காரனுக்கு ஒன்று, அதுவும் அணையில் இருப்பு இருந்தால். தண்ணீர் கிடைத்த மேலூரிலும் கடைமடை விவசாயி சாலை மறியலில் உட்காரும் காட்சி ஆண்டுதோறும் உண்டு.

உசிலம்பட்டியின் மேற்குப் பக்கத்துக்கு இதில் எதுவும் எட்டவில்லை. வைகை அணையிலிருந்தே நேராக ஒரு கால்வாய் வெட்டி மேட்டுக் கண்மாய்களை நிரப்ப வேண்டும் என்று மூக்கையாத் தேவர் காலத்திலிருந்தே கேட்டு வந்தார்கள். 1990-களில் அது '58 கிராமக் கால்வாய்த் திட்டம்' என்ற பேரில் உருப்பெற்றது. முப்பதுக்கு மேற்பட்ட கண்மாய்கள், 58 கிராமங்கள், பாசனம் ஏறத்தாழ 2,285 ஏக்கர். மேலே சொன்ன கணக்கோடு இதை வைத்துப் பார்த்தாலே கேட்டது எவ்வளவு சின்னது என்று தெரியும். பள்ளத்தாக்கைக் கடக்க நெடுநீளத் தொட்டிப்பாலம் கட்டினார்கள். கான்கிரீட் தூண்களுக்கு மேலே, ஆள் உயரத்துக்குப் பல மடங்கு மேலே, ஒரு திறந்த தொட்டி வரிசையாக ஓடுகிறது. கட்டிமுடிக்க இருபது ஆண்டு ஆனது. வேலை நடக்கும், நிற்கும், மதிப்பீடு திருத்துவார்கள், திரும்ப நடக்கும். பாலத்து நிழலில் ஆடு மேய்த்த பையன்கள் கல்யாணமாகி திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைக்கப் போனார்கள்.

2018-இல் உசிலம்பட்டியே கடையடைத்து உண்ணாவிரதம் இருந்தது. அதன் பிறகு சோதனை ஓட்டமாகத் தண்ணீர் விட்டார்கள். தொட்டிப்பாலத்தில் தண்ணீர் வந்ததைப் பார்க்கச் சனம் திரண்டது, மலர்தூவிக் கும்பிட்டார்கள். ஆனால் அந்தத் தண்ணீருக்கு ஒரு நிபந்தனை உண்டு. வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. நீர்மட்டம் 67 அடியைத் தாண்டினால்தான் 58 கிராமக் கால்வாய்க்குத் தண்ணீர். மதகு அமைந்த மட்டம் அப்படி என்பது பொறியியல் காரணம். அணையின் இருப்பில் பழைய ஆயக்கட்டுக்கும் குடிநீருக்கும் முன்னுரிமை என்பது நிர்வாகக் காரணம். இரண்டும் சேர்ந்து, 1895-இல் கிடைக்காத பங்கு இன்றைக்கு அணையின் உச்சியில் உள்ள நாலு அடியாக வந்து நிற்கிறது. நல்ல மழை பெய்து அணை நிறையும் வருடத்தில்தான் மேட்டுக்கு முறை வரும். வறட்சி வருடத்தில், அதாவது தண்ணீர் உண்மையாகவே வேண்டிய வருடத்தில், விதிப்படியே வராது.

இதை மாற்ற முடியாது என்று நான் நம்பவில்லை. நிரந்தர அரசாணை போட்டு ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு தண்ணீரை இந்தக் கண்மாய்களுக்கென்று ஒதுக்கச் சொல்லி விவசாயிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் ஏக்கருக்குப் பங்கு வைக்கும் அணையில் 2,285 ஏக்கரைப் பட்டியலின் கடைசியில் வைப்பது கணக்கின் கட்டாயம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மேலூருக்குத் தண்ணீர் செய்ததை உசிலம்பட்டிக்கும் செய்யும் என்பதற்கு நூறு வருட அத்தாட்சி இருக்கிறது. அணையில் 66 அடி நிற்கும் நாளில் உசிலம்பட்டிக்காரர்கள் தாலுகா ஆபீஸ் முன்னால் உட்கார்ந்திருந்தால், அவர்கள் சலுகை கேட்கவில்லை. 1895-இலிருந்து தள்ளிப்போன பாக்கியைக் கேட்கிறார்கள்.

அடுத்த இதழில்: கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். போலீஸ் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வருகைப் பதிவேடு எப்படி வந்தது, முதல் தலைமுறைப் பிள்ளைகள் அங்கே என்ன படித்தார்கள், அந்தப் பள்ளிகளை இன்று என்ன செய்யப்போகிறோம் என்ற வாதம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம்.

(தொடரும்)